சோர்வு யார் கணக்கில்?

பணிச்சோர்வோடு வருபவருக்கு நம் ஆலோசனை அறைகளில் பெரும்பாலும் கிடைப்பவை மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு, கைபேசிக் கட்டுப்பாடு. இவை வீண் அல்ல. ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால், கோளாறு அவருக்குள்தான் இருக்கிறது என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை. சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. வரையறை பணியிடத்தைச் சுட்டுகிறது. சிகிச்சையோ பணியாளரையே சுற்றி வருகிறது.

இந்த முரணுக்குத் தத்துவத் துணையும் கிடைத்துவிட்டது. இன்றைய மனிதனை விரட்ட வெளியே ஆள் தேவையில்லை, அவன் தன்னைத்தானே சுரண்டிக்கொள்கிறான் என்று 2010-இல் வாதிட்டார் ஜெர்மனியில் வாழும் கொரியச் சிந்தனையாளர் பியுங்-சுல் ஹான். விடுமுறையிலும் மின்னஞ்சலைத் திறப்பவருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அலுவலகச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியைக் கவனியுங்கள். சில நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகும். காகிதத்தில் கணக்குப் போட்டு யோசித்துக்கொண்டிருப்பவரும் அதற்கு இருக்கையில் இல்லாதவரே. விசைப்பலகை இயங்குவதுபோல் போக்குக்காட்டியதாகச் சொல்லி 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துக்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தது. அந்தப் புள்ளியைப் பணியாளர் தானாக வைத்துக்கொள்ளவில்லை. பயம் உள்ளே குடியேறியது உண்மை. குடியேற்றியவர் வெளியேதான் இருக்கிறார்.

ஒரே அலுவலகத்தில் ஒருவர் துவள, மற்றவர் தாக்குப்பிடிக்கிறாரே என்று கேட்கலாம். யார் முதலில் துவள்வார் என்பதை ஆளின் இயல்பு தீர்மானிக்கலாம். சுமை எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை. பிரிட்டனில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவை ஆராய்ந்து ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், மனஉறுதிப் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேம்பட்ட நிலையில் இல்லை. ஒரே காலப்புள்ளியின் தரவு என்பதால் அது இறுதித் தீர்ப்பாகாது. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இனி அந்தத் திட்டங்களை விற்பவர்களுடையது.

அலுவலகத்தைத் திருத்துவது மருத்துவர் வேலையா என்பது அடுத்த கேள்வி. திருத்த முடியாது, பதிவு செய்ய முடியும். பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அதற்கு வகுத்த ஆறு களங்கள் கையில் இருக்கின்றன: வேலைச்சுமை, கட்டுப்பாடு, வெகுமதி, சக பணியாளர் உறவு, நியாயம், விழுமியம். நோயர் குறிப்பேட்டில் தூக்கம், பசியோடு இவையும் ஏறட்டும். ஒரே நிறுவனத்திலிருந்து பலர் வந்தால், பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிய தொகுப்பறிக்கையைத் தொழிலக மருத்துவர் நிர்வாகத்திடம் எழுத்தில் தரட்டும். பணிநேரத்துக்குப் பின் தொடர்பு துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கும் அப்படியொரு பேச்சு எழும்போது, மேசையில் வைக்க நம்மிடம் ஆவணம் இருக்க வேண்டும்.