கல்லை விற்ற காசு யாருக்குச் சொந்தம்?

மாண்புமிகு தமிழ்நாட்டு நிதியமைச்சர் அவர்களுக்கு,

அரியலூர் மாவட்டத்துக்காரன் எழுதுகிறேன். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் எங்கள் பகுதி கடலுக்கடியில் கிடந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று லாரி லாரியாக சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. ஆலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். என் மனக்குறை கணக்கைப் பற்றியது.

கல்லுக்கு அரசு வாங்கும் ராயல்டி, பட்ஜெட்டில் ‘வரியல்லாத வருவாய்’ என்று வரவு வைக்கப்படுகிறது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று அந்த ஆண்டே கரைந்தும்விடுகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான். பூர்வீக நிலத்தை விற்ற பணத்தை மாதச் சம்பளத்தோடு சேர்த்துச் செலவழிக்கும் குடும்பத்தை ஊர் சும்மா விடுமா?

ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் தரும் ஈடுதான் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. உடனே கனிம நிலங்களுக்குப் புது வரி போட நம் அரசு சட்டம் இயற்றியது. வரி போட அவ்வளவு வேகம் இருந்ததே, அந்த ஈட்டை எடுத்து வைக்க ஏன் இல்லை? பேரப்பிள்ளைகள் காலத்தில் பள்ளம்தான் மிஞ்சும். கல் மறுபடி விளையாது.

மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்பீர்கள். அது சுரங்கத்தால் இன்று பாதிக்கப்படுவோருக்கு. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கு அதில் பெரிதாகப் பங்கில்லை.

வழி இல்லாமலும் இல்லை. கோவாவில் இரும்புத்தாது விற்ற தொகையில் 10 சதவீதத்தை நிரந்தர நிதியில் போட 2014இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நார்வே 1990இல் சட்டம் போட்டு, 1996 முதல் எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வருகிறது. ஆனால் நவ்ரூ தீவையும் மறக்கக் கூடாது. பாஸ்பேட்டை விற்றுச் செழித்த அந்த நாட்டிலும் அறக்கட்டளை நிதி இருந்தது. லண்டன் இசை நாடகத்தில்கூடப் போட்டு அதைக் கரைத்தார்கள். நிதி மட்டும் போதாது, பூட்டும் வேண்டும்.

ஆகவே ராயல்டியை ஒரு நிரந்தர நிதியில் சேர்த்து, அதன் அசலைத் தொட முடியாதபடி சட்டம் இயற்றுங்கள். தணிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள். அடுத்த பட்ஜெட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எவ்வளவு டன் எடுத்தோம், என்ன விலை பெற்றோம், எவ்வளவு சேமித்தோம் என்று மாவட்டவாரியாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அரியலூர்க் குடிமகன்