விரல்நுனியில் வேற்றெழுத்து

கணிப்பொறியில் எவ்விசைப்பலகையைத் தேர்வதென்பது அவரவர் விருப்பம் என்பர் சிலர். விருப்பமா? சோம்பலுக்கு இட்ட பெயரன்றோ அது! 'அம்மா' என்றெழுத ஆங்கில எழுத்து ஐந்தைத் தட்டுகின்றான் தமிழன். ழகரத்திற்கோ இரண்டெழுத்தைக் கூட்டுகின்றான். பிறப்பிலேயே ஓரெழுத்தாய் நிற்கும் ழகரத்திற்கு! 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் அம்மாவுக்கு நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. முதல் மகரத்தின் புள்ளி தானே வந்தமரும். உயிர் பன்னிரண்டும் இடக்கைப் புறம். மெய்களுட் பெரும்பாலன வலக்கைப் புறம். மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய்யாகும் தொல்காப்பிய நெறியே அங்கு விரலுக்கும் நெறி. ஆய்தத்தோடு 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கும். இதைப் பழகும் சின்னாட்களையும் மொழிக்கு ஈய மனமிலார், தமிழை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியே நினைக்கப் பழகிவிட்டனர். கணிப்பொறி கற்பிக்கும் பள்ளிகளேனும் முதல்நாளே இப்பலகையைப் பிள்ளைகட்குத் தரட்டும்!