பெற்றோர் சிகிச்சையாளர்கள் அல்லர்

ஏப்ரல் 2 நெருங்கும்போது நம் கல்வி நிறுவனங்களின் முகப்புகளில் நீல விளக்குகள் எரியும். ஐ.நா. பொதுப் பேரவை 2007இல் தீர்மானித்து, 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் அது. கருத்தரங்கில் மரபணுக்களைப் பற்றிப் பேசுவோம். மூளைப் படங்களைத் திரையில் காட்டுவோம். நிறைவில் ஒரு தாயை மேடைக்கு அழைத்து, அவருடைய பொறுமையைப் போற்றிப் பொன்னாடை போர்த்துவோம். அந்தப் பொன்னாடையைப் பற்றியதே இந்தப் பதிவு. தாயின் தியாகத்தை நாம் இவ்வளவு உரக்கப் போற்றுவது, அவர் சுமக்கும் சுமையில் பங்கெடுக்காமல் இருப்பதற்காகவே என்பது என் வாதம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. லியோ கான்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், இந்நிலை பிறவியிலேயே அமைவது என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் அதே கட்டுரையில் பெற்றோரின் உணர்ச்சி வறட்சியையும் குறிப்பிட்டார். பின்வந்தோர் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்டனர். குழந்தையை உறையவைத்தவள் தாயே என்று பொருள்படும் ‘குளிர்பெட்டித் தாய்’ என்னும் சொல் மேலைநாட்டு மருத்துவமனைகளில் புழங்கியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கருத்தைப் பொதுமக்களிடமும் கொண்டுசேர்த்தது. அதை முதலில் வலுவாக எதிர்த்தவர்களுள் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளரான அவர் ஆட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. அவருடைய நூல் 1964இலேயே வந்துவிட்டது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபின் பங்கு பெரிது என்று காட்டினர். அறிவியலைப் பொறுத்தவரை அவ்வழக்கு முடிந்துவிட்டது.

வீட்டுக் கூடத்தில் அது முடியவில்லை. “கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்தாய்”, “வேலைக்குப் போனாய், பிள்ளை பேச்சை மறந்தது” என்று தீர்ப்புகள் இன்றும் வழங்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்னும் பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. டிஎஸ்எம்-5, ஐசிடி-11 ஆகிய இரு நோயறிதல் ஏடுகளிலும் அப்படியொரு நிலை இல்லை. திரையைக் குறைப்பது எந்தக் குழந்தைக்கும் நல்லதுதான். ஆனால் அந்த அறிவுரை ஒரு பழியாகத் திரும்பும்போது, குளிர்பெட்டி இருந்த இடத்தில் கைப்பேசி வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழி சொல்லாத இடங்களில் அதே சுமை கடமையின் வடிவில் வருகிறது. பேச்சுப் பயிற்சியாளர் தினமும் அரைமணி நேரப் பயிற்சி எழுதித் தருகிறார். தொழிற்பயிற்சி சிகிச்சையாளர் ஒரு மணி நேரம் கேட்கிறார். சிறப்பு ஆசிரியர் படஅட்டைகளைத் தருகிறார். நடத்தைப் பதிவேடு வேறு. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது. அத்தனையும் ஒரே வீட்டில், ஒரே பெண்ணின் ஒரே நாளில் வந்து விழுகின்றன என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பயிற்சி தவறினால் ‘வீட்டில் ஒத்துழைப்பு இல்லை’ என்று குறிப்பெழுதப்படுகிறது. அந்தத் தாய் வேலையை விட்டதும், உறக்கத்தை இழந்ததும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இச்சுமை எல்லா வீட்டிலும் ஒரே வடிவில் இருப்பதுமில்லை. 2013இல் டிஎஸ்எம்-5 முன்பிருந்த பல பெயர்களை ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தது. நிறமாலை என்றதும் இலேசிலிருந்து கடுமைக்குச் செல்லும் ஒரு நேர்கோட்டைப் பலர் கற்பனை செய்கிறார்கள். நம் நாட்டில் சான்றிதழுக்காகப் பயன்படும் ஐசா அளவுகோலில் 40 வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; 70க்குக் கீழ் ஆட்டிசம் இல்லை, 153க்கு மேல் கடுமை. ஆனால் ஒரே மதிப்பெண் பெற்ற இரு குழந்தைகள் இருவேறு உலகங்களில் வாழக்கூடும். ஒரு பிள்ளை பேருந்து நேரங்களை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பான். குக்கர் விசில் கேட்டால் சுவரில் தலையை மோதுவான். இன்னொரு பிள்ளைக்குச் சொல் ஒன்றும் வராது. தாயின் தோளில் சாய்ந்தால் அமைதியடைவாள்.

ஆகவே பெற்றோரும் ஒரே இனத்தவர் அல்லர். சரளமாகப் பேசும் மகனின் தாய் ‘அதட்டி வளர்க்கத் தெரியாதவள்’ என்று ஏசப்படுகிறார்; அவர் பிள்ளைக்கு உதவி தேவை என்பதையே யாரும் நம்புவதில்லை. 16 வயதிலும் கழிப்பறைக்குத் துணை தேவைப்படும் மகளின் தாய்க்கு இரக்கம் கிடைக்கிறது, ஆனால் விருந்துக்கு அழைப்பு வருவதில்லை. ஆட்டிசம் கொண்டவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று எழுதினார். 2021இல் லான்செட் ஆணையம், நாள் முழுதும் துணை தேவைப்படுவோருக்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்ற தனிச்சொல் வேண்டுமென்றது. கருத்தரங்குகளில் இவ்விரண்டும் பகை முகாம்களாக நிற்கின்றன. குழந்தையை வேறொருவராக மாற்ற முயலாதே என்பது முதல் குரல். துணையின்றி இவர்களை விட்டுவிடாதே என்பது இரண்டாவது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் வாயை அடைப்பதுதான் பிழை.

நான் ஆய்வு செய்யும் வித்துராவிலிருந்து இதைப் பார்த்தால் தூரமும் ஒரு காரணியாகிறது. திருவனந்தபுரம் இத்துறையில் பேறு பெற்ற நகரம். ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய நிஷ் என்னும் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் உள்ளது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் உள்ளது. ஆனால் பொன்முடி அடிவாரத்தில் வாழும் கூலித்தொழிலாளிக்கு அவை நெடுமங்காடு வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பேருந்தின் இரைச்சலைத் தாங்காத குழந்தை, பயிற்சி அறைக்குள் நுழையுமுன்பே களைத்துவிடும். முழுநேரம் பராமரிப்போருக்காகக் கேரள அரசு வகுத்த ஆசுவாசகிரணம் திட்டத்தின் உதவித்தொகை நெடுங்காலம் மாதம் 600 ரூபாயாகவே இருந்தது. அந்தப் பயணங்களில் எத்தனைக்கு அது போதும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

நிபுணர் ஊருக்கு வர இயலாது, அதனால்தான் பெற்றோருக்குப் பயிற்சி என்பார்கள். பயிற்சியை நான் மறுக்கவில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. நிபுணர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களே அங்கே பெற்றோருக்கு வழிகாட்டினர். எல்லா அளவுகளிலும் முன்னேற்றம் இல்லை. ஆயினும் பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து மறுமொழி தருவது கூடியது. குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பெற்றோரிடம் கேட்கப்பட்டது கூடுதல் பாடவேளை அன்று. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைத் தாமும் பார்ப்பது. அத்துடன், தவறாமல் அவர்களைச் சந்திக்க ஒருவர் இருந்தார். நாமோ இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை வீட்டுப்பாடமாக்கிவிட்டோம். ஊராட்சியால் இதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல இயலாது. இதே மாவட்டத்தின் வெங்ஙானூர் ஊராட்சியில் 2004இல் தொடங்கிய பட்ஸ் பள்ளிதான் பின்னர் கேரளம் முழுதும் பரவிய உள்ளாட்சிச் சிறப்புப் பள்ளிகளுக்கு முன்னோடி.

தமிழ் வீடுகளுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. வித்துராவுக்கு மேலே, நொடிந்துபோன போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. நகரிலும் நம்மவர் ஏராளம். பேச்சு தாமதமான குழந்தையைக் காட்டினால், ‘வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பள்ளி மொழியையே பேசுங்கள்’ என்னும் அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது. இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சைக் கூடுதலாகத் தாமதப்படுத்துவதாக இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. தாலாட்டும் திட்டும் கொஞ்சலும் தமிழில் வரும் தாய், தனக்குப் பழகாத மொழியில் பேச முயலும்போது பேச்சையே குறைத்துக்கொள்கிறார். பாட்டியோ ஒரேயடியாக வாய்மூடிவிடுகிறார். அவ்வீட்டில் குழந்தையின் காதில் விழும் மொழி குறைகிறது, அதனுடன் உறவாடும் ஆட்களும் குறைகிறார்கள்.

இனி நம் வளாகத்துக்கு வருவோம். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் பெண் ஆய்வாளருக்கு, முழு ஆய்வுக் காலத்திலும் சேர்த்து, மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை அனுமதிக்கின்றன. 2 ஆண்டுக் காலநீட்டிப்பு பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் உண்டு. மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை வளர்க்கும் ஆண் ஆய்வாளருக்கு எதுவும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 730 நாள் விடுப்புண்டு. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை என்றால் வயது வரம்பும் கிடையாது. அதுவும் பெண்களுக்கும் தனித்து வளர்க்கும் ஆண்களுக்கும் மட்டுமே. தாய்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை விதியே எழுதி வைத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஹிமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவரின் வழக்கில், பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகை அன்று, அரசமைப்பின் தேவை என்று கூறியது. அந்தத் தாயும் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரே.

ஆகவே நண்பர்களிடம் நான் வேண்டுவது சில. விடுப்பும் காலநீட்டிப்பும் பராமரிப்பவருக்கு, பால் வேறுபாடின்றிக் கிடைக்க வேண்டுமென்று நம் கல்விக் குழுக்களில் கேளுங்கள். குழந்தைகளை ஆய்வுக்கு அழைப்போர், பெற்றோர் இழக்கும் நாளுக்குரிய கூலியை நிதிக் கோரிக்கையில் சேருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை விழிப்புணர்வுப் பேரணிக்கு அனுப்புவதற்குப் பதில், மாற்றுத்திறன் அடையாள அட்டைக்கும் 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா காப்பீட்டுக்கும் விண்ணப்பம் நிரப்ப உதவ அனுப்புங்கள்.

‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்பது எல்லாப் பெற்றோரின் நெஞ்சிலும் உள்ள கேள்வி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 18 வயதுக்குப் பின் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு அமைக்கச் சொல்கிறது. காகிதத்தில் ஒரு பாதுகாவலர் கிடைத்துவிடுவார். அந்தப் பிள்ளையின் பெயரையும், எந்த ஓசைக்கு அஞ்சும், எதைக் கண்டால் சிரிக்கும் என்பதையும் அறிந்த நால்வர் தெருவில் இருக்கிறார்களா என்பதைச் சட்டத்தால் உறுதிசெய்ய முடியாது. அந்த நால்வரில் ஒருவராக நாம் இருக்க முடியும். அதற்குப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அந்த வீட்டின் கதவைத் தட்ட வேண்டும்.