கண்ணில் தெரியும் காவல்

இலக்கிய மலரொன்றில் சாலை விபத்தைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். சங்கப் பாடலின் நயமோ, சீறாப்புராணத்தின் சுவையோ பேசப்பெற வேண்டிய பக்கத்தில் சரக்குந்தும் தலைக்கவசமும் எதற்கு என்று அவர்கள் வினவக்கூடும். ஈராண்டுகளுக்கு முன் நம் துறையின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், மாலை வகுப்பு முடிந்து நெடுஞ்சாலையைக் கடக்கும்போது மகிழுந்து ஒன்றால் மோதப்பட்டுச் சாலையோரத்தில் வீழ்ந்தார். மோதிய வண்டி நிற்கவில்லை. கூட்டம் கூடிற்று, கூடிய கூட்டம் தொடாமல் நின்றது. தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் அம்மையார் ஒருவரே ஓர் ஆட்டோவை மறித்து, அவர் தலையைத் தம் மடியில் தாங்கியபடி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். மாணவர் பிழைத்தார். இன்று ஊன்றுகோலுடன் நம் வகுப்பறைக்கு வருகிறார்.

அவ்வம்மையாருக்கு நன்றி கூறச் சென்றபோது அவர் சொன்ன சொற்களே இக்கட்டுரைக்கு வித்து. "அந்தத் தம்பி பொழச்சதே போதும் சார். ஆனா ஸ்டேஷனுக்கு நாலு தடவை கூப்பிட்டாங்க. நாலு நாள் யாவாரம் போச்சு. இனிமே யாராச்சும் விழுந்து கெடந்தா எனக்குத் தைரியம் வராது சார்" என்றார். அவர் குரலில் சினமில்லை; சலிப்பு மட்டுமே இருந்தது.

அவரை அங்ஙனம் அழைத்தல் முறையன்று என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. விபத்தில் அடிபட்டோருக்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை நடுவண் அரசு 2015இல் வெளியிட்டது. அவற்றிற்கு உச்சநீதிமன்றம் 2016 மார்ச் 30ஆம் நாள் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பெற்றபோது 134-அ என்னும் பிரிவாகவே அது சட்டத்தில் இடம்பெற்றது. உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டுமென வற்புறுத்துதல் கூடாது. மருத்துவமனை அவரைத் தடுத்து நிறுத்துதலோ பணம் கேட்டலோ கூடாது. அவர் விரும்பினாலன்றிச் சாட்சியாக்குதலும் கூடாது. இவ்வளவும் ஏட்டில் உள்ளன. பழவண்டி அம்மையாருக்கு இது தெரியாது. காவல் நிலையத்தில் அவரை அழைத்தவருக்குத் தெரிந்திருந்ததாகவும் தோன்றவில்லை. பிறரைக் குறைகூறுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பட்டம் பல பெற்ற நாமும் அன்று அதை அறிந்திருக்கவில்லை.

விபத்தின் அளவைச் சொல்ல ஓரிரு எண்கள் போதும். 2022ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. மாண்டவர் 1,68,491 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். நாடு முழுவதிலும் தலைக்கவசம் இன்மையால் மட்டும் அவ்வாண்டில் ஐம்பதாயிரம் பேர் இறந்ததாக அரசின் அறிக்கையே கூறுகிறது. இவ்வெண்களைக் கண்டு பழகிப்போன நமக்கு, அவை ஒரு சிற்றூரின் மக்கள்தொகை என்ற எண்ணம் எழுவதில்லை.

இதற்கு அரசு கண்ட மருந்து தண்டத்தொகையை உயர்த்துதல். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் தலைக்கவசம் அணியாமைக்கான தண்டம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகப் பத்து மடங்கு உயர்ந்தது. குடித்துவிட்டு ஓட்டுதலுக்கு 10,000 ரூபாய் என்றாயிற்று. அடுத்த ஆண்டாகிய 2023இல் நம் மாநிலத்தில் சாலையில் இறந்தோர் 18,347 பேர். தண்டம் பெருகியதால்தான் இறப்பும் பெருகியது என்று கூற நாம் துணியோம், வண்டிகளும் பெருகின. ஆயின், தொகையை உயர்த்திய அளவிலேயே உயிர் காக்கப்படும் என்னும் நம்பிக்கை பொய்த்தது என்று கூறலாம். பிடிபடுவோம் என்ற உறுதியே மனிதனைத் திருத்தும். பிடிபட்டால் எவ்வளவு என்ற கணக்கு அவ்வளவாகத் திருத்துவதில்லை.

அவ்வுறுதியை உண்டாக்க வேண்டியவர் காவலர். நம் சாலைகளில் காவலர் எப்போது கண்ணுக்குத் தெரிகிறார்? இருவேளைகளில். ஒன்று, வளைவொன்றின் அப்பால் மரநிழலில் நால்வராய் நின்று இருசக்கர வண்டிகளை மறிக்கும் வேளை. மற்றொன்று, எல்லாம் முடிந்தபின் சாலையில் சுண்ணக்கோடு வரையும் வேளை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடும்பொழுதில் அவர் காணப்படுவதில்லை. வளைவில் மறைந்து நிற்கும் காவலரைக் கண்டவுடன் இளைஞன் செய்வது யாது? வேகத்தைக் குறைப்பதன்று, வண்டியைச் சட்டென்று திருப்பி, எதிர்த்திசையில் வருவோர்மீது பாய்வதுதான். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் உள்ள துவாக்குடியில் 2018 மார்ச் 7ஆம் நாள் நடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைக்கவசமின்றி நிற்காமல் சென்ற கணவன் மனைவியைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது, மனைவி உயிரிழந்தார். அன்றிரவு ஆயிரக்கணக்கானோர் தஞ்சைச் சாலையில் அமர்ந்தனர். உயிரைக் காக்க வகுத்த ஒரு விதி, அதனைச் செயற்படுத்திய முறையால் ஓர் உயிரை வாங்கிற்று என்று மக்கள் கருதினர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

காவல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பிடித்தல் என்பது முதற்பொருளன்று. மதுரைக்காஞ்சியைப் பயிலும் நம் மாணவர் அறிவர்: மாங்குடி மருதனார் கள்வரின் திறத்தை விரித்துரைத்துவிட்டு, அவரினும் திறம்மிக்க ஊர்காப்பாளரைக் காட்டுகிறார். மழை கொட்டும் நள்ளிரவிலும் அவர்கள் சோர்வின்றித் தெருவில் உலவுகின்றனர். அவர்கள் உலவுவதனாலேயே ஊர் அச்சமின்றி உறங்குகிறது. எத்தனை பேரைப் பிடித்தனர் என்ற கணக்கு அப்பாட்டில் இல்லை. பிற்காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி காணப்படுகிறது. ஊரார் தம் காவலுக்கென்று கொடுத்தது அது. காவற்காரர் முறை நிலவிய ஊர்களில், களவு போன பொருளை மீட்டுத் தர இயலாத காவற்காரர் அதன் மதிப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும் என்ற வழக்கும் இருந்தது. அம்முறையில் கொடுமைகளும் இருந்தன. அதை மீண்டும் கொணர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காவலர் இன்னார் என ஊர் அறிந்திருந்தது, அவர் எதற்குப் பொறுப்பு என்பதையும் அறிந்திருந்தது என்ற அளவே நமக்குப் பாடம்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. அதுவும் நம் திருச்சிராப்பள்ளியிலேயே உண்டு. 1999ஆம் ஆண்டில் ஜே.கே. திரிபாதி இந்நகரின் காவல் ஆணையராக வந்தபோது, நகரத்தைச் சிறுசிறு காவற்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் குறிப்பிட்ட காவலர்களை நிலையாக அமர்த்தினார். தெருக்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பெற்றன. பெயர் எழுதாமலும் அதில் குறையை இடலாம். காவலரைக் காவலராக மட்டுமன்றி, பெயர் சொல்லி அழைக்கத்தக்க மனிதராக மக்கள் அறிந்த காலம் அது. அம்முயற்சி நாட்டின் எல்லைக்கு அப்பாலும் பாராட்டப்பெற்றது. கேரளத்தில் 2008இல் தொடங்கப்பெற்ற ஜனமைத்ரி திட்டத்திலும் காவலர் தம் பகுதி வீடுகளுக்கு நேரில் சென்று பழகுவதே அடிப்படை. ஒரு காவலரின் உள்ளத்தில் ஒரு தெரு பதிவதற்கு ஓராண்டேனும் ஆகும். ஆறு திங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறவருக்கு எந்தத் திருப்பத்தில் இரவில் மாடு படுத்திருக்கும் என்பது எங்ஙனம் தெரியும்?

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அன்றைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் 'காவல் துறை நண்பர்கள்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். குடிமக்கள் காவலருக்குத் துணை நிற்கும் அவ்வமைப்பு பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. ஆனால், 2020 சூன் திங்களில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, இவ்வமைப்பினர் சிலர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பின் தரப்பில் அது மறுக்கப்பட்டது. எனினும் அடுத்த திங்களிலேயே அரசு மாநிலமெங்கும் அவ்வமைப்பைத் தடை செய்தது. இருபத்தேழு ஆண்டு முயற்சி ஓர் ஆணையில் முடிந்தது.

அத்தடை தவறென்று வாதிட நமக்கு விருப்பமில்லை. காவல் நிலையத்தின் உள்ளே, விசாரணையின் அருகே, சீருடையும் பொறுப்பும் இல்லாத ஒருவருக்கு என்ன வேலை? கையில் தடி கொடுக்கப்பெற்ற தன்னார்வலர் ஊருக்குத் துணையாவதைவிட ஊருக்கு மிரட்டலாவதே எளிது. நம் வருத்தம் வேறு. நிலையத்தினுள் நிகழ்ந்த கொடுமையால், சாலையோரத்தில் நிகழக்கூடிய நன்மையும் கைவிடப்பட்டது. பொதுமக்களின் இடம் லாக்கப் அறைக்கு வெளியே, மிக வெளியே, அந்தப் பழவண்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது.

அவ்விடத்தில் நிற்பவர் அறிந்தவை எத்துணை! நடுத்தடுப்பை உடைத்து வழி உண்டாக்கியது யார் என்று தேநீர்க் கடைக்காரர் அறிவார். பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் எந்நேரத்தில் வரும் என்பது பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியை மறைத்து நெல் உலர்த்தும் இடம், பழுதான சரக்குந்தைச் சிவப்பு விளக்கின்றி நிறுத்தும் இடம், பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிக் கடக்கும் இடம் ஆகியவற்றை ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மோதாமல் தப்பிய நிகழ்ச்சிகள் அவர்கள் நினைவில் நூறு உண்டு. முதல் தகவல் அறிக்கையிலோ மோதியவை மட்டுமே ஏறும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர் போகும் விபத்து நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே, அத்தகைய ஓரிடத்தில் எல்லோரும் காண ஒரு காவலர் நாள்தோறும் நிற்பாராயின், அவர் ஒருவரிடமும் ஒரு காசும் தண்டம் வாங்காவிடினும், வண்டிகளின் வேகம் தானே குறையும். அன்று அவருடைய கணக்கேட்டில் ஒன்றும் இராது. மேலதிகாரி அவ்வெற்றுப் பக்கத்தைக் கண்டு மகிழும் நாள் வர வேண்டும்.

இக்குறை காவல் துறையினுடையது மட்டுமன்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் வாயிலில் போக்குவரத்தை ஒழுங்கு செய்ய நம் இளைஞர் நிற்கின்றனர். சமயபுரத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து செல்வோரின் பைகளில் இரவில் ஒளிரும் பட்டைகளைக் காவலரோடு சேர்ந்து ஒட்டுவோரும் உளர். திருவிழா நாளில் இயலுவது திங்கட்கிழமை மாலையில் ஏன் இயலவில்லை? அதே இளைஞர் மூவராய் ஒரே வண்டியில், தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, நம் கல்லூரி வாயிலைவிட்டு வெளியேறுவதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம், கண்டும் வாளாவிருக்கிறோம். அவ்வகையில் வளைவில் நிற்கும் காவலரைவிட நாம் மேலானவர் அல்லர்.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 திசம்பரில் தொடங்கப்பெற்றது. இவை மெச்சத்தக்கவை. ஆயினும் ஊர்தி வருமுன் கழியும் அந்தச் சில நிமிடங்களில் கீழே கிடப்பவரைத் தொடுவது யாரேனும் ஒரு வழிப்போக்கரின் கை. குருதியை எங்ஙனம் அழுத்தி நிறுத்துவது, கழுத்தை அசைக்காமல் எங்ஙனம் தூக்குவது என்பதை அந்தக் கைக்குக் கற்பித்தலும், 'உன்னை யாரும் அலைக்கழிக்க மாட்டார்கள்' என்று காவல் நிலையமே அதற்கு உறுதி கூறுதலும் சமுதாயக் காவலின் முதற்பணி எனலாம்.

நம் மாணவர்கள் சென்ற பருவத்தில் கல்லூரியைச் சுற்றியுள்ள சாலைகளில் நடந்து, கடைக்காரர்களிடமும் ஓட்டுநர்களிடமும் கேட்டு, இடர்மிகுந்த இடங்களைப் படமாக வரைந்தனர். ஊன்றுகோல் ஊன்றிய அம்மாணவரும் அவர்களுடன் நடந்தார். அப்படத்துடன் மூன்று வேண்டுகோள்களையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துள்ளோம். கல்லூரி முனையில் நிலையாக ஒரு காவலர், அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை, உதவுவோருக்கான சட்டத்தைத் தமிழில் எழுதி நிலைய வாயிலில் தொங்கவிடுதல் என்பன அவை. மனுவைப் பெற்ற உதவி ஆய்வாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். இரண்டு இடங்களைத் தாமே சேர்த்துக் குறித்தார். பலகை இன்னும் வரவில்லை. பழவண்டி அம்மையாரிடம் சட்டத்தைப் படித்துக் காட்டினோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இத ஸ்டேஷன்ல மாட்டட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.