கூட்டம் கலைந்த பின் ஒரு கோப்பை சூப்



ஒரு வீட்டில் மௌத் நிகழ்ந்தால் முதல் நாள் அங்கே நிற்க இடமிருக்காது. உறவினரும் அயலவரும் திரண்டு வருவார்கள். வாடகைக் கதிரைகள் வரும். தேநீர் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கழிந்ததும் வெளியூர்க்காரர் பஸ் ஏறி விடுவார்கள். கதிரைகளும் திரும்பிப் போய்விடும். நான்காம் நாள் காலையில் அந்த வீட்டுக் குசினியில் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. பிள்ளைகள் கடைப்பாணைப் பிய்த்துத் தின்பார்கள். தாயோ, "எனக்குப் பசியில்லை மகள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த நான்காம் நாள் குசினியைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டு வழக்கமொன்று புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர்களின் குடும்பத்தில் யாராவது மரணித்தால் பெண்கள் ஒன்றுகூடுவார்கள். பின்னர் அவர்கள் கலைந்து சென்று, வீட்டாரும் மிக நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு சட்டியில் தல்பீனா சமைக்கும்படி அன்னையவர்கள் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் தல்பீனாவை ஊற்றி, இருப்பவர்களைச் சாப்பிடச் செய்வார்கள். தல்பீனா நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் மெல்லிய கஞ்சி. பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பால் போன்ற வெண்மையும் மென்மையும் இருப்பதால் அப்படி அழைத்தார்கள். சிலர் அதில் தேனும் சேர்ப்பதுண்டு.

இந்தச் செய்தியில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். சட்டி எப்போது அடுப்பில் ஏறியது? கூட்டம் நிறைந்திருந்தபோது அல்ல, கூட்டம் கலைந்த பிறகு. வந்தவர்களுக்கு விருந்து வைக்க அந்தச் சட்டி ஏற்றப்படவில்லை. எஞ்சியிருந்து துக்கத்தைச் சுமப்பவர்களுக்காக ஏற்றப்பட்டது.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) மூத்தா போர்க்களத்தில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அவரது குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் மற்றவர்களுக்குப் பணித்தார்கள். வேறெதிலும் கவனம் செலுத்த முடியாத நிலை அவர்களுக்கு ஏற்பட்டுள்ளது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இது வந்துள்ளது. நம்மிடையே பல இடங்களில் இது தலைகீழாகி இருப்பதை நீங்களே அறிவீர்கள். மையித்து வீட்டார் கடன் வாங்கிச் சகன் போட வேண்டியிருக்கிறது. கணவனைப் பறிகொடுத்தவள் அழுகைக்கிடையே, "அரிசி போதுமா ராத்தா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏன் சூப்?

துக்கத்தில் இருப்பவருக்குப் பசி தெரியாது. வாய் உலர்ந்திருக்கும், சோற்றை மென்று விழுங்கவே பாரமாக இருக்கும். புரியாணி மணம் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தவர், பிள்ளை பெற்ற தாய் ஆகியோரின் நிலையும் இதற்கு நெருக்கமானதுதான். இவர்களுக்கு மெல்லத் தேவையில்லாத, சூடான, காரம் குறைந்த ஓர் உணவு வேண்டும். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு இது புதிய பாடமல்ல.

இங்கே நான் சொல்வது வட்டக்காயைச் சுட்டுச் செய்யும் ஒரு சூப். இதைத் தல்பீனா என்றோ சுன்னத்தான உணவு என்றோ நான் சொல்லவில்லை. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில், குழம்பிலிருந்த 'துப்பா'வை நபி (ஸல்) அவர்கள் விரும்பித் தேடி உண்டதாக அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அது சுரைக்காய். நமது வட்டக்காயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய காய். அந்தச் செய்தியை இந்தக் காய்க்கு ஆதாரமாக்கத் தேவையில்லை. வட்டக்காய் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, வயிற்றுக்கு இதமானது, இயல்பிலேயே இனிப்பானது. அது போதும்.

ஏன் சுட வேண்டும்?

காய்களை நேரே தண்ணீரில் அவித்தால் சுவையும் தண்ணீரோடு கரைந்து சப்பென்று இருக்கும். அனலில் வாட்டினால் காயிலுள்ள நீர் வற்றி இனிப்பு செறிகிறது. விளிம்புகள் சிவந்து மணம் பிறக்கிறது. வெங்காயத்தின் காரமும் வெள்ளைப்பூட்டின் கடுமையும் அடங்கி இரண்டும் இனிக்கின்றன. இப்படிச் செய்தால் கடையில் விற்கும் சூப் கட்டிகள் தேவைப்படாது. அவற்றில் உப்பு அதிகம். இறைச்சிச் சாறு சேர்ந்தவையும் உண்டு என்பதால் ஹலால் முத்திரையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆறு பேருக்குத் தேவையானவை: தோலும் விதையும் நீக்கிய வட்டக்காய் 750 கிராம், நடுத்தர கரட் 2, பழுத்த தக்காளி 3, பம்பாய் வெங்காயம் 2, வெள்ளைப்பூடு முழுதாக ஒன்று, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பார்லி 4 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, நற்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, சிறு துண்டு இஞ்சி, தண்ணீர் 6 கோப்பை, தேங்காய் முதற்பால் அரைக் கோப்பை, உப்பு, சில துளி தேசிப்புளி.

முதலில் பார்லியைக் கழுவி இரண்டு மூன்று மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு அந்த 6 கோப்பைத் தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பார்லியை மெல்லிய நெருப்பில் நன்றாகக் குழையும் வரை வேக விடுங்கள். முக்கால் மணி நேரமளவு ஆகும். சூப்புக்குத் திடம் தருவது இதுதான். தண்ணீர் மிகவும் வற்றினால் சுடுநீர் சேர்த்துக்கொள்ளலாம்.

அது வேகும்போதே காய்களைச் சுடலாம். வட்டக்காயை இரண்டு விரல் அகலத் துண்டுகளாகவும், கரட்டை அதைவிட மெல்லியதாகவும் வெட்டுங்கள். வெங்காயத்தை நான்காகவும் தக்காளியை இரண்டாகவும் வெட்டுங்கள். வெள்ளைப்பூட்டின் தலையைச் சீவி, தோலோடு வையுங்கள். எல்லாவற்றிலும் எண்ணெயும் சிறிது உப்பும் தடவி, தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நெருக்கிக் குவித்தால் காய் சுடாது, தன் நீரிலேயே அவிந்துவிடும். அவன் உள்ள வீடுகளில் 200 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம் வைத்து, இடையில் ஒரு முறை புரட்டி விடுங்கள்.

அவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடி கனத்த தாச்சியைச் சூடாக்கி, எண்ணெய் தடவிய துண்டுகளை ஒரே அடுக்காக வையுங்கள். நான்கைந்து நிமிடம் கிண்டாமல் விட்டு, சிவந்ததும் மறுபக்கம் புரட்டுங்கள். பிறகு மூடி, நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டால் உள்ளே வெந்துவிடும். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பல வீடுகள் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பின. அந்த அடுப்பு இன்னும் உங்கள் கொல்லையில் இருந்தால் இன்னும் நல்லது. வட்டக்காயைத் தோலோடு பெரிய கீற்றுகளாகவும், வெங்காயத்தையும் பூட்டையும் முழுதாகவும் தணலோரம் வைத்து, அரைமணி நேரம் திருப்பித் திருப்பிச் சுட்டுக் கரிந்த தோலை உரித்துவிடுங்கள். கரட்டையும் தக்காளியையும் தாச்சியில் வாட்டினால் போதும்.

சுட்ட வெள்ளைப்பூட்டைத் தோலிலிருந்து பிதுக்கி எடுங்கள். இஞ்சித் துண்டை அகற்றிவிட்டு, எல்லாக் காய்களையும் பார்லிச் சட்டியில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு இறக்குங்கள். சற்று ஆறிய பின் பிளெண்டரில் பாதியளவு மட்டும் ஊற்றி அரையுங்கள். சூடாக நிரப்பி இறுக மூடினால் ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும். பிளெண்டர் இல்லாவிட்டால் மத்தால் கடைந்து கண்ணறைச் சல்லடையில் வடித்துக்கொள்ளலாம். மீண்டும் அடுப்பில் ஏற்றி, மிளகும் சீரகமும் உப்பும் சேர்த்து ஒரு கொதி வந்ததும் நெருப்பைத் தணித்து முதற்பாலை ஊற்றுங்கள். பால் ஊற்றிய பின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். இறக்கிய பின் தேசிப்புளி விடுங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம்?

குடிப்பவரின் உடல்நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பைக் குறையுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சீனியோ தேனோ சேர்க்க வேண்டாம். அளவும் ஒரு கோப்பையோடு நிற்கட்டும். வட்டக்காயிலும் தக்காளியிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிக்கு வைத்தியரைக் கேட்ட பின்னரே கொடுக்க வேண்டும். நோயாளியை "குடி, குடி" என்று வற்புறுத்தாதீர்கள். அரைக் கோப்பை கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் அரைக் கோப்பையைச் சூடாக்கிக் கொடுத்தால் உடல் மெல்ல ஏற்றுக்கொள்ளும்.

வேறு வீட்டுக்குக் கொண்டு போவதாயின் தேங்காய்ப்பாலைக் கலக்காமல் தனிப் போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். நமது வெயிலில் பால் கலந்த சூப் விரைவில் பழுதாகிவிடும். எந்தச் சூப்பானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த முறை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தைத் திருப்பித் தரும் வேலையைத் துக்க வீட்டார் தலையில் போடாதீர்கள். நீங்களே மறுநாள் போய் எடுத்து வாருங்கள். அந்தச் சாட்டில் இன்னொரு முறை அவரைப் பார்த்ததாகவும் இருக்கும்.

"என்ன கொண்டு வரட்டும்?" என்று தொலைபேசியில் கேட்காதீர்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றே பதில் வரும். போய், ஒரு கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு வராவிட்டால் சும்மா இருங்கள். அந்நேரம் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்க வேறு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

கணவனை இழந்தவரின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என்பதை அறிவோம். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. முதல் வாரத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதத்தில் அந்த வாசலை மிதிக்கிறார்கள்? இத்தாவிலிருப்பவர் இன்னதைத்தான் சாப்பிட வேண்டும், இன்னதைத் தொடக் கூடாது என்று சில வீடுகளில் பெரியம்மாமார் கட்டுப்பாடு போடுவதுண்டு. ஹலாலான உணவு எதையும் மார்க்கம் அவருக்குத் தடுக்கவில்லை. அலங்காரம், நறுமணப் பூச்சு போன்றவற்றுக்குத்தான் கட்டுப்பாடு. எனவே தயங்காமல் கொண்டு போங்கள். வாரத்தில் ஒரு நாளை உங்கள் முறையாக வைத்துக்கொண்டு, தெருவிலுள்ள நான்கு பெண்கள் சேர்ந்தால் அந்த நான்கு மாதமும் அவர் தனித்திருக்க மாட்டார்.

"ஒரு சூப்பையா எடுத்துக்கொண்டு போவது?" என்று வெட்கப்பட வேண்டாம். ஆட்டின் குளம்பேயானாலும் அயலவளுக்குக் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களை விளித்தே சொல்லியிருக்கிறார்கள். குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவரைக் கவனிக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அயலவர் என்பதில் முஸ்லிமல்லாதவரும் அடங்குவர். இந்தச் சூப்பில் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. எனவே மரக்கறி மட்டும் உண்ணும் அடுத்த வீட்டுத் தமிழ் அம்மாவுக்கும் சிங்களச் சகோதரிக்கும் அவர்களின் துக்க நாளில் தயக்கமின்றிக் கொடுக்கலாம்.

உங்கள் தெருவில் சென்ற மாதம், அதற்கு முந்திய மாதம் மௌத் நிகழ்ந்த வீடு ஏதென்று சற்று நினைத்துப் பாருங்கள். நாளை சந்தைக்குப் போகும்போது ஒரு கீற்று வட்டக்காய் கூடுதலாக வாங்குங்கள். துக்கத்திலிருப்போரின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதலளிப்பானாக. அவர்களை மறவாதிருக்க நமக்கும் தௌபீக் செய்வானாக.