டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் குழந்தை எதற்கு?

வீட்டிலேயே இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஆள் பத்து வயசுப் பெண்தான் என்றால், அந்த வீட்டில் யார் பெரியவர்?

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரைச் சுற்றிக் குடியேறியிருக்கும் எத்தியோப்பியக் குடும்பங்கள் பலவற்றில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. எரித்ரியாவிலிருந்து வந்தவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கரண்ட் பில்லைப் படிப்பது பெண். பேங்குக்கு போன் பேசுவது பெண். ஸ்கூலிலிருந்து அவளைப் பற்றியே புகார்க் கடிதம் வந்தால், அதையும் அம்மாவுக்குப் படித்துச் சொல்வது அவளேதான்!

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவளை உட்கார வைக்கிறார்களே, அது சிரிக்கிற சங்கதி இல்லை.

யோசித்துப் பாருங்கள். மாதவிடாய்த் தொந்தரவு பற்றி மகன் முன்னால் எந்த அம்மா வாயைத் திறப்பார்? 'கட்டி இருக்கு, கேன்சரான்னு பார்க்கணும்' என்று டாக்டர் சொன்னால், அந்த வார்த்தையைக் குழந்தை எந்த வாயால் அம்மாவிடம் சொல்லும்? பயத்தில் பாதியை விழுங்கிவிடும். மாத்திரை ஒரு வேளையா, இரண்டு வேளையா என்பதும் அதோடு சேர்ந்து போய்விடும். ராத்திரி அம்மா தூங்கிவிடுவார், ஒன்றும் தெரியாததால். குழந்தைதான் முழித்துக்கொண்டு கிடக்கும்.

'பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டுமே' என்கிறார்கள் சிலர். வரட்டும். பில் படிக்கட்டும், மருந்துக் கடைக்குத் துணைக்குப் போகட்டும். ஆனால் பெற்றவளின் உடம்பு ரகசியத்தையும் உயிர்ப் பயத்தையும் சுமப்பது குழந்தையின் வேலை இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க மத்திய அரசின் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள், இங்கிலீஷ் தெரியாத நோயாளிக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம்தான் ஆதாரம். உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, மைனர் குழந்தைகளை நம்பி மொழிபெயர்க்கக் கூடாது என்று 2016-ல் வந்த விதியும் இருக்கிறது.

பிறகு ஏன் கேட்டு வாங்குவதில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இவர்கள் எப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி வந்தவர்கள்! 1974-ல் எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசியைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சிக்கு வந்தது. 1977, 78-ல் 'சிவப்புப் பயங்கரம்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றது. எத்தனையோ பேர் சூடானுக்குத் தப்பி, முகாம்களில் வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தார்கள். 1993-ல் எரித்ரியா தனி நாடானது. 1998 முதல் 2000 வரை இரண்டு நாடுகளுக்கும் சண்டை. 2020 முதல் 2022 வரை டிக்ரேயில் உள்நாட்டுப் போர். எனவே மொழிபெயர்க்க வருகிறவர் எந்தப் பக்கத்து ஆளோ, நம் நோயை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். நியாயமான பயம்தான்!

இதற்கு வழி உண்டு. போனிலேயே மொழிபெயர்க்கும் வசதி பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. பேசுகிறவர் வேறு ஊரில் இருப்பார், முகம் தெரியாது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இதைக் கேட்க வேண்டும். நாட்டின் பெயரைச் சொன்னால் போதாது, மொழியைச் சொல்ல வேண்டும். அம்ஹாரிக், டிக்ரின்யா, ஒரோமோ மூன்றும் வேறு வேறு மொழிகள்.

பெரியவர்கள் வாய் திறக்காத இன்னொரு விஷயம் விரதம். எத்தியோப்பிய, எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி விரத நாட்கள். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் தொடர்ந்து விரதம். கறி, பால், முட்டை கிடையாது. பகல் பொழுது கழியும்வரை பட்டினியும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடும் பாட்டி பட்டினி கிடந்தால் மயங்கி விழலாம். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு, பாதிரியாரையே கேட்கலாம். புனித நீர் தெளித்துக்கொள்ளட்டும், நாம் யார் தடுக்க? மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் சரி.

சரி, பிள்ளைக்கும் பாட்டிக்கும் பேச்சே வேண்டாமா? நிறைய வேண்டும்! அதற்கு இடம் ஆஸ்பத்திரி இல்லை, வீட்டுக் காப்பி. பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுவார்கள். ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்றாவது சுற்றுக்கு 'பெரெக்கா', அதாவது ஆசீர்வாதம் என்று பெயர். வாரம் ஒருநாள் டி.வி.யையும் செல்போனையும் அணைத்துவிட்டுப் பிள்ளைகளையும் அதில் உட்கார வைக்கட்டும். பாட்டி ஊர்க் கதை சொல்லட்டும். சொல்ல முடியாத கதைகளைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தலைவலி, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் என்று பாட்டி அடிக்கடி சொல்கிறார், டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால், பழைய துக்கமும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டரிடம் வீட்டுப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் இல்லை.

பெரியவர்கள் பெரியவர்களாக இருந்தால்தான் குழந்தை குழந்தையாக இருக்க முடியும்.