'குப்பை' படிக்கும் பெண்கள்

ஒரு பெண் காதல் நாவல் படித்தால் அவளைத் திருத்த ஊரே திரண்டு வருகிறது. அப்பாவுக்கு அது கெட்ட சகவாசம். தமிழாசிரியருக்கு அது குப்பை. தீவிர இலக்கியம் பேசுபவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு. நம் பெண்ணியத் தோழிகள் சிலருக்கு அது ஆணாதிக்கம் கொடுக்கும் மயக்க மருந்து. வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த நான்கு பேரும் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். எனக்கு அந்த ஒற்றுமையின் மேல்தான் சந்தேகம்.

நான் லக்ஷ்மி படிப்பவள், ரமணிசந்திரன் படிப்பவள். என் மாணவிகள் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கும் காதல் கதைகளையும் மாயக் கதைகளையும் பெயர் கேட்டு வாங்கிப் படிப்பவள். பிடித்தவற்றை அடுத்த வகுப்புப் பெண்களுக்கும் சொல்கிறேன். ஆய்வுக்காகப் படிக்கிறேன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். சுவைக்காகப் படிக்கிறேன்.

தமிழ் இலக்கியம் பயின்றவர்கள் காதல் கதையைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் எனக்கு விளங்காத ஒன்று. நாம் மாணவிகளுக்கு என்ன கற்பிக்கிறோம்? குறுந்தொகையின் நானூறு சொச்சம் பாட்டும் காதல்தான். அவற்றின் தலைவி யார்? தினைப்புனத்தில் கிளி ஓட்டும் இளம்பெண். அவள் ஒருவனைப் பார்க்கிறாள், இரவில் சந்திக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் தோழியிடம் புலம்புகிறாள். வீட்டில் தெரிந்ததும் வெளியே விடாமல் அடைக்கிறார்கள். அதற்கு 'இற்செறிப்பு' என்று பெயரும் கொடுத்து ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். அவள் காதலனோடு வீட்டைவிட்டுப் போனால் 'உடன்போக்கு', பத்து மதிப்பெண். திருக்குறளின் மூன்றாம் பாலில் 250 குறள் இந்த ஏக்கத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பாடம் நடத்திவிட்டு, அதே பெண் தன் பைக்குள் ஒரு மாத நாவலை வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்கிறோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஆசைக்குப் பட்டம் கொடுக்கும் கல்வி, இன்றைய ஆசைக்குத் தண்டனை கொடுக்கிறது.

மாயக் கதைக்கும் இதே பதில்தான். மணிமேகலையை ஒருமுறை கதையாக மட்டும் வாசித்துப் பாருங்கள். ஓர் இளம்பெண்ணை ஓர் இளவரசன் துரத்துகிறான். ஒரு தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆளில்லாத தீவில் விடுகிறது. அங்கே அவளுக்குப் போன பிறவி தெரிகிறது. வான்வழியே செல்லவும் வேற்றுருவம் எடுக்கவும் பசியைத் தாங்கவும் மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைக்கிறது. சிறைச்சாலைக்குள் போனால் அந்தச் சிறையையே அறச்சாலையாக மாற்றுகிறாள். இன்று ஒரு மாணவி இதைப் புதிதாக எழுதிக் கைபேசியில் தொடராகப் போட்டால் 'கற்பனைக் குப்பை' என்று தள்ளுவீர்கள். சாத்தனார் எழுதினால் ஐம்பெருங்காப்பியம்!

ஆண்களின் பொழுதுபோக்கை யாரும் இப்படிக் கூண்டில் நிறுத்துவதில்லை. ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதையை ரயிலில் படிக்கும் ஆணிடம் யாரும் போய், 'இதைப் படித்தால் கொலைகாரன் ஆகிவிடுவாய்' என்று சொல்வதில்லை. சாண்டில்யனின் நாவல்களில் பக்கம் பக்கமாகப் பெண்ணுடல் வர்ணிக்கப்படும். ஆனாலும் அவை 'சரித்திர நாவல்' என்ற மரியாதையோடு அப்பாக்களின் அலமாரியில் இருக்கின்றன. ஆண் படித்தால் அது ரசனை. பெண் படித்தால் அவள் கெட்டுப்போகிறாள்.

இந்தப் பயம் புதிதல்ல. தமிழில் நாவல் பரவிய காலத்திலேயே, நாவல் படிக்கும் பெண்ணைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' நூலைப் புரட்டினால் அந்தப் புலம்பல்களைக் காணலாம். அதே காலத்தில்தான் வை. மு. கோதைநாயகி எழுத வந்தார். ஆறு வயது நிரம்பும் முன்னே மணமுடிக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் போகாதவர். எழுதப் பழகாத நாளில் அவர் வாயால் சொல்ல, தோழி எழுதினார். பிறகு 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவரைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள் இருந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் இலக்கிய வரலாற்றுப் பாடநூல்களில் அவருக்கு எத்தனை வரி? எண்ணிப் பாருங்கள்.

தோழிகளின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்ப் பத்திரிகைக் கதைகள் பெண்ணை எந்த அச்சில் வார்க்கின்றன என்று அம்பை, சி. எஸ். லட்சுமி என்ற தன் பெயரில், 1984இல் வெளிவந்த ஆங்கில ஆய்வு நூலில் கடுமையாக விசாரித்தார். அந்த விசாரணை இன்றும் தேவை. கோபக்காரப் பணக்கார நாயகன், அவன் கத்தினாலும் காத்திருந்து வெல்லும் நாயகி என்ற அச்சு இன்னும் உடையவில்லை. இணையத்தில் இப்போது 'ஆன்டி ஹீரோ' கதை என்றே தனி வகை உண்டு. கடத்துவான், மிரட்டுவான், கட்டாயத் தாலி கட்டுவான், கடைசியில் அதற்குக் காதல் என்று பெயர் வைப்பார்கள். இது எனக்கும் குமட்டுகிறது.

ஆனால் அதே 1984இல் அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே வேறொன்றைச் செய்தார். காதல் நாவல்களைப் பற்றிப் பேசும் முன், அவற்றைப் படிக்கும் இல்லத்தரசிகளிடம் போய்க் கேட்டார். புத்தகம் கையில் இருக்கும் நேரம் மட்டுமே தங்களுடைய நேரம், அப்போது யாரும் தங்களைக் கூப்பிட முடியாது என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னார்கள். நம் வீடுகளில் இது இன்னும் எவ்வளவு உண்மை! படிப்பவள் முட்டாள் அல்ல. 'இவன் நிஜத்தில் வந்தால் செருப்பு பிஞ்சிடும் மேடம், கதையில சும்மா படிக்கலாம்' என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். அவளுக்குக் கதையும் தெரியும், வாழ்க்கையும் தெரியும். அந்த வித்தியாசத்தை அவளோடு உட்கார்ந்து பேசுவது நம் வேலை. புத்தகத்தைப் பிடுங்குவது அப்பாவின் வேலை. அதை நாமும் ஏன் செய்ய வேண்டும்?

நான் இதை எழுதும் இடத்தையும் சொல்ல வேண்டும். நல்லூர், வேப்பூர், மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து பேருந்து ஏறி விருத்தாசலத்துக்குப் படிக்க வரும் பெண்களை நான் அறிவேன். அவர்களின் அம்மாக்களில் சிலர் பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள், சிலர் முந்திரி உடைக்கிறார்கள். இதே விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டையில்தான் 2003 ஜூலையில், சாதி கடந்து மணந்த கண்ணகியையும் முருகேசனையும் நஞ்சூட்டி எரித்துக் கொன்றார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். 2025இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு காதல் கதையை 'லேசான வாசிப்பு' என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ஒரு பெண் 'எனக்கு இவன் வேண்டும்' என்று சொல்வதற்கு இங்கே கொடுக்க வேண்டிய விலை உயிர். அந்த ஒரு வாக்கியத்தை நடுவில் வைத்து எழுதப்படும் கதைகளை ஒரு பெண் ஒளித்து வைத்துப் படிக்கிறாள் என்றால், அவள் எதை ஒளிக்கிறாள் என்று யோசியுங்கள். இந்தக் கதைகள் மீது எனக்குள்ள பெரிய புகாரும் இங்கிருந்தே வருகிறது. இவற்றின் நாயகிகளுக்குச் சாதியே இல்லை, நாயகனுக்கு எப்போதும் கார் இருக்கிறது. காதலுக்குக் குறுக்கே நிற்பது ஒரு பொல்லாத அத்தையோ ஒரு தவறான புரிதலோதான், ஊர்க்கூட்டம் அல்ல. இதைக் கேட்கும் உரிமை, படிப்பவளுக்கு உண்டு. படிக்காமலே தூற்றுபவருக்கு இல்லை.

பதினைந்து முதல் இருபது வயது வரையுள்ள பெண்ணுக்கென்று தமிழில் ஓர் அலமாரியே இல்லை. சாகித்திய அகாதமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கு விருது தருகிறது. யுவ புரஸ்கார் உண்டு, ஆனால் அது எழுதுபவரின் வயதைப் பார்க்கிறது, படிப்பவரின் வயதை அல்ல. குழந்தைப் பாட்டிலிருந்து நேரே 'தீவிர இலக்கிய'த்துக்குத் தாவு என்கிறோம். நடுவிலிருக்கும் பள்ளத்தை முகம் தெரியாத பெண்கள், பெரும்பாலும் இல்லத்தரசிகளும் மாணவிகளும், இரவில் கைபேசியில் எழுதி எழுதி நிரப்புகிறார்கள்.

ஆகவே ஆசிரியத் தோழிகளிடம் கேட்பது இதுதான். உங்கள் கல்லூரி நூலகத்தில் லக்ஷ்மிக்கும் ரமணிசந்திரனுக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதே தட்டில் மணிமேகலையையும் அம்பையின் கதைகளையும் வையுங்கள். மாதம் ஒருநாள் மாணவிகளுக்குப் பிடித்த கதையை அவர்களே வந்து சொல்லட்டும், நாம் கேட்போம். கேள்வி அதன்பிறகு.

மாணவிகளுக்கு ஒன்று: ஒளித்துப் படிக்காதீர்கள், கூட்டாகப் படியுங்கள். நாயகன் கை ஓங்கும் இடத்தில் நிறுத்திச் சத்தமாகத் திட்டுங்கள். பிறகு அடுத்த அத்தியாயத்தை நீங்களே எழுதுங்கள். அவளுக்கு ஊரும் சாதியும் வேலையும் கொடுத்து எழுதுங்கள், உயிரோடும் வையுங்கள்.